முயற்சிக்கு ஒரு மார்க்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம் ஒன்று இருந்தது. விடை தப்பாகவே இருந்தாலும், பிள்ளை மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் ஓரத்தில் ஒரு மார்க் போட்டுவிடுவார். முயற்சிக்கு ஒரு மார்க். அதனால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போனதில்லை என்பது அவர் கட்சி.

அவர் வகுப்பில் ஒரு சிறுமி பேசமாட்டாள். ஊமையில்லை. வீட்டில் அத்தையிடம், பசிக்கிறது, செருப்பு அறுந்துவிட்டது என்ற அளவுக்குப் பேசுவாள். போன வருடம் அம்மா இறந்ததிலிருந்து பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் வாய்க்குப் பூட்டு. வகுப்புப் பிள்ளைகள் டிவி ரிமோட்டை நினைத்து அவளுக்கு ‘மியூட்டு’ என்று பெயர் வைத்தார்கள். டீச்சர் அதட்டியதும், அவர் காதுபடச் சொல்வதை மட்டும் நிறுத்தினார்கள்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு மனநல ஆலோசகர் வந்துகொண்டிருந்தார். இளம்பெண். ஐந்து நாளும் ஐந்து பள்ளிகளுக்கு ஓடுபவர். இந்தப் பள்ளிக்கு வாய்த்தது செவ்வாய் என்பதால் பிள்ளைகளுக்கு அவர் ‘செவ்வாய்க்கிழமை அக்கா’. ஒரு பிள்ளைக்கு அரை மணி, நாளுக்கு எட்டுப் பிள்ளைகள். சாக்பீஸ் பெட்டிகளை ஓரங்கட்டிய ஸ்டோர் ரூம்தான் அவர் அறை. அங்கே வருகிற தும்மலே பாதி வைத்தியம் என்று அவரே கிண்டலடிப்பார்.

யார் அந்த எட்டுப் பேர் என்பதை ஒரு தாள் முடிவு செய்தது. அதில் இருபது கேள்விகள். வகுப்பு ஆசிரியர்தான் நிரப்ப வேண்டும். கூட்டத்தில் பேசத் தயங்குகிறாளா, தனியாகவே இருக்கிறாளா என்று வரிசையாக வரும். இல்லையென்றால் பூஜ்யம், சில நேரம் என்றால் ஒன்று, எப்போதும் என்றால் இரண்டு. பரீட்சைக்கு நேர் தலைகீழ். மார்க் கூடக்கூடக் கஷ்டம் கூடுதல் என்று அர்த்தம். பதினைந்தைத் தொட்டால் இடம் உண்டு. பத்து வாரம் கழித்து மறுபடி நிரப்பும்போது பதினைந்துக்குக் கீழே இறங்கிய பிள்ளை எழுந்துகொள்ள, காத்திருக்கும் அடுத்த பிள்ளை அங்கே உட்காரும். சிறுமி இருபத்தொன்று வாங்கி உள்ளே போனாள்.

பேச்சைத் திரும்ப வரவழைப்பது மாடிப்படி ஏறுவது மாதிரி என்று அக்கா டீச்சருக்கு விளக்கியிருந்தார். முதல் படியில் பேச்சே கிடையாது, ஊதுவது மட்டும்தான். மேசைமேல் ஒரு பஞ்சு உருண்டையை வைத்து, ஆளுக்கொரு பக்கமிருந்து ஊதித் தள்ளுவார்கள். மூச்சு தாராளமாக வந்தபின் அதில் சத்தத்தை ஏற்ற வேண்டும்: பாம்பு மாதிரி ‘ஸ்ஸ்’, தேனீ மாதிரி ‘ம்ம்’. அப்புறம்தான் சொல். ஒரு ஆளிடம் சொல் நிலைத்தபின் இரண்டாவது ஆளைச் சேர்க்க வேண்டும். அந்த இரண்டாவது ஆள் டீச்சர். ஏழாவது வாரம் சாத்திய கதவுக்கு வெளியே நின்றார். எட்டாவது வாரம் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. ஒன்பதாவது வாரம் உள்ளேயே, முதுகைக் காட்டிக்கொண்டு சாக்பீஸ் எண்ணுகிற பாவனையில் நின்றார். பின்னால் சிறுமி அக்காவிடம், “எனக்கு மஞ்சள்” என்றாள். டீச்சருக்கு எண்ணிக்கை தப்பிப்போனது.

“ஒரு படியத் தாண்டிக் குதிச்சா அடி வரைக்கும் உருண்டுரும் டீச்சர்,” என்று அக்கா எச்சரித்திருந்தார். “பாராட்டக்கூடக் கூடாது. காதுல விழாத மாதிரியே இருங்க.”

பத்தாவது வாரம், ஒரு திங்கட்கிழமை. வருகைப்பதிவில் சிறுமியின் பெயரை வாசித்துவிட்டு, வழக்கம்போல அவள் கை தூக்குவதற்காக டீச்சர் நிமிர்ந்தார். கை எழவில்லை. “பிரசென்ட்” என்று கேட்டது. டீச்சர் ஒன்றும் நடக்காதது போல அடுத்த பெயரை வாசித்தார்.

அன்று மாலையே மறுமதிப்பீட்டுத் தாளை நிரப்ப வேண்டியிருந்தது. கூட்டத்தில் பேசத் தயங்குகிறாளா? இரண்டு போட வேண்டிய இடம். ஆனால் இரண்டு போட்டால், காலையில் அந்தக் குழந்தை சொன்ன சொல்லுக்கு மரியாதை என்ன? ஒன்று போட்டார். தனியாகவே இருக்கிறாளா? பக்கத்துப் பெண்ணிடம் ரப்பரை நீட்டியதை நினைத்துக்கொண்டு பூஜ்யம் போட்டார். இப்படி ஆறு கேள்விகளில் ஏழு மார்க் இறங்கியது. கூட்டினால் பதினான்கு. அந்தப் பதினைந்து என்ற கோடு அவருக்குத் தெரியாததல்ல. மார்க் போட்டுப் பழகிய கைக்கு அது நினைவில்லை. சந்தோஷமாகவே கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை கூப்பிட்டு, சிறுமி தேறி வெளியே வந்துவிட்டாள் என்று வாழ்த்தியபோதுதான் பதினைந்து நினைவுக்கு வந்தது. தாளைத் திருப்பிக் கேட்டார். தலைமையாசிரியை கெட்டவரல்ல, கம்ப்யூட்டர் திரையைத் திருப்பியே காட்டினார். தாளிலுள்ள மார்க்கை ஒருமுறை ஏற்றி அனுப்பிவிட்டால் அது பூட்டிக்கொள்ளும், பின்னால் யாரும் கைவைக்கக் கூடாது என்றுதான் பூட்டே. காலியான இடமும் போய்விட்டது: ஒன்றாம் வகுப்பில் சுவரில் தலையை முட்டிக்கொள்ளும் ஒரு பையனுக்கு.

“அவன எழுப்பிட்டு இவள உக்கார வைக்கச் சொல்றீங்களா டீச்சர்?”

அந்தப் பையன் நெற்றியை டீச்சரும் பார்த்திருக்கிறார்.

செவ்வாய் காலை அக்காவை மாடிப்படியில் பிடித்தார். சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடமாவது கிடைக்குமா என்று கேட்டார். அந்த நேரத்தையும் அக்கா ஏற்கெனவே ஒரு பிள்ளைக்குக் கொடுத்திருந்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே டீச்சர்.”

“நல்லா வந்துட்டாளேன்னு இருந்துச்சும்மா.”

“நல்லா வந்தான்னு எழுதினா எடுத்துருவாங்க. நல்லா வராமப் போனாத்தான் விட்டு வைப்பாங்க,” என்றார் அக்கா. குரலில் கோபம்கூட இல்லை. ஐந்து பள்ளிகளின் அலுப்பு.

அன்று டீச்சர் விஷயத்தைச் சொல்வதற்குள் சிறுமி எழுந்து ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டாள். அவள் நாற்காலியில் சின்னப் பையன் ஒருவன் கன்னத்தை உப்பிக்கொண்டு பஞ்சை ஊதிக்கொண்டிருந்தான். வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

டீச்சர் தாழ்வாரத்தில் குந்தி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ நல்லாப் பேசிட்டல்ல கண்ணு, அதனாலதான்...”

சொல்லும்போதே அது அவள் காதில் எப்படி விழுகிறது என்று டீச்சருக்குப் புரிந்தது. பேசினாய், அதனால் அக்கா போய்விட்டாள். எட்டு வயதுக்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

வருகைப்பதிவில் அப்புறம் கைதான் தூக்கினாள். இடைவேளையில் டீச்சர் தானே பஞ்சு உருண்டை வைத்துப் பார்த்தார். சிறுமி உதட்டை இறுக்கிக்கொண்டு மூக்கால் மூச்சுவிட்டாள். வீட்டிலும் இப்போது விரலைத்தான் காட்டுகிறாள் என்று அத்தை வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பத்து வாரம் கழித்து டீச்சர் தாளை எடுத்து, ஒரு கேள்விக்கும் இரக்கம் காட்டாமல் நிரப்பினார். இருபத்தெட்டு. காத்திருப்போர் வரிசையில் முப்பத்திநாலாவது இடம் கிடைத்தது. ஆண்டு முடிய ஐந்து வாரம் இருந்தது.

கடைசி நாளில் பிள்ளைகளை நாலாம் வகுப்பு சாரிடம் ஒப்படைத்தார். சிறுமியின் பெயர் வந்ததும் படிப்படியாக எல்லாவற்றையும் விளக்கினார்: ஊதுவது, கதவு, பாராட்டாமல் இருப்பது. சார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எழுதித் தரச் சொன்னார். டீச்சர் தாளின் இரண்டு பக்கமும் நிரப்பி நீட்டினார். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“ஆனா டீச்சர், நாப்பத்திமூணு பேர்ல ஒருத்தியாவது சத்தம் போடாம இருந்தா நமக்கும் நிம்மதிதான?”

கிண்டலாகச் சொல்லவில்லை. டீச்சருக்குக் கோபமும் வரவில்லை. இந்த ஆண்டின் முதல் மூன்று வாரம் அவரும் அதையேதான் நினைத்திருந்தார்.