நூற்றுக்குப் பதினெட்டு

தேன் பொய் சொல்லும், மகரந்தம் பொய் சொல்லாது என்று எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வது என் வழக்கம். தேனை வெந்நீரில் கரைத்து, மெஷினில் சுழற்றி, அடியில் தங்குவதை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் போதும். தேனீ எந்தெந்தப் பூவுக்குப் போய்வந்தது என்ற வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறிவிடும். பத்தொன்பது வருஷமாக இதுதான் எனக்குச் சோறு போடுகிறது. திமிரும் இதில் வந்ததுதான்.

என் அக்கா புருஷன் ஆரஞ்சுத் தோப்பில் நாற்பது தேன்பெட்டி வைத்திருக்கிறார். 'ஆரஞ்சுப் பூத்தேன்' என்று எங்கள் கூடம் சான்றிதழ் கொடுத்தால் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாக ஒரு பெரிய கடைக்காரர் சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் பெட்டிகளை விற்றுவிடுவது என்று அக்காவும் அத்தானும் முடிவு செய்திருந்தார்கள்.

முறையாக அனுப்புவதற்கு முன்னால், "சும்மா பாத்துச் சொல்லேன்" என்று அத்தான் என்னிடம் ஒரு சின்ன பாட்டில் கொடுத்தார். அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டில் சாப்பிடும்போது கேட்டார்.

"ஆரஞ்சு மகரந்தம் நூத்துக்குப் பதினெட்டு" என்றேன்.

"கம்மியா?"

"கம்மிதான். அந்தத் தண்ணியை இப்படித் தள்ளுங்க அத்தான்."

ஆரஞ்சுப் பூவில் மகரந்தமே குறைவு. அசல் ஆரஞ்சுத் தேனில் அவ்வளவுதான் இருக்கும். பதினெட்டு என்றால் தாராளமாகப் பாஸ். இதைச் சொல்ல இன்னும் ஒரே ஒரு வாக்கியம்தான் தேவை. எல்லாவற்றையும் விளக்கிவிட்டால் அப்புறம் என் கெத்து என்ன ஆவது?

ஒரு மாதம் கழித்து, சீல் வைத்த பாட்டில் ஒன்று என் மேஜைக்கு வந்தது. அனுப்பியவர் பெயர் எங்களுக்குத் தெரியாது, நம்பர்தான்: 212. பார்த்ததும் சிரித்துவிட்டேன். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு ஆரஞ்சு! எந்தத் தேனீயாலும் முடியாத காரியம். போதாக்குறைக்குப் பூவின் துணுக்குகள் வேறு, நடுவில் ஒரு பெயின்ட் பிரஷ் மயிர். அத்தானுடையதாக இருக்குமோ என்ற சந்தேகம்கூட வரவில்லை, அவருடையதுதான் பதினெட்டாயிற்றே. 'மகரந்தம் கையால் கலக்கப்பட்டுள்ளது, சான்றிதழ் மறுக்கப்படுகிறது' என்று எழுதி, பக்கத்து மேஜைக்காரிக்கு ராகம் போட்டுப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் அத்தான் அந்தக் காகிதத்தோடு என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். மேலே 212.

"கம்மின்னு சொன்னியேன்னு நானும் உங்க அக்காவும் நாலு நாள் மரம் மரமா ஏறிப் பிரஷ்ஷால தட்டி எடுத்தோம். அவளுக்குத் தும்மல் இன்னும் நிக்கல. அப்போ என் தேன் போலியா?"

"தேன் அசல்தான் அத்தான். மகரந்தமும் அசல்தான்."

"அப்புறம்?"

பதினெட்டே போதும் என்று அன்றைக்குச் சொல்லாததை அப்போதுதான் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் தேவலை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அன்னிக்குக் கேட்டேனேம்மா" என்றார். "தண்ணி கேட்டே, தள்ளினேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கையெழுத்துப் போட்ட அறிக்கையை மாற்றவோ, கலப்படம் என்று மறுத்தவரிடம் அந்த வருஷம் மறுபடி தேன் வாங்கிப் பார்க்கவோ விதியில் வழியில்லை. அந்த விதியை எழுதிய கமிட்டியிலும் நான் இருந்தேன். போன வாரம் பெட்டிகளை ஒரு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

அக்கா போனை எடுக்கவே இல்லை. நேற்றுத்தான் எடுத்தாள். இரண்டு தும்மல் போட்டாள்.

"இனிமே எங்க வீட்டுக்கு வந்தா ஒண்ணு முழுசாப் பேசு, இல்ல வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.