சுமிரேயை யார் கூட்டிப் போனது?

டிலன் ஓடினான். காற்று அவன் குடையைப் பிடுங்கிக் கடல் பக்கம் வீசியது. பள்ளி வாசலில் வரிசையாக நின்ற கார்களின் கண்ணாடியில் முகத்தை ஒட்டி ஒட்டிப் பார்த்தான். அந்த வெள்ளைக் கார் இன்னும் கிளம்பாமல் இருக்க வேண்டும்.

கிளம்பியிருந்தது.

ஜப்பானின் மியாசாகி கரையில் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் பிள்ளைகளைத் தனியே அனுப்ப மாட்டார்கள். வீட்டார் யாரைச் சொல்லியிருக்கிறார்களோ அவர் கையில்தான் ஒப்படைப்பார்கள். பாடம் ரத்தானதால், இங்கிலீஷ் வாத்தியாரான டிலனைப் பிள்ளைகளை ஒப்படைக்க வாசலில் நிறுத்தியிருந்தார்கள்.

திரும்பி வந்தபோது சுமிரேயின் அம்மா சிசுரு ஆசிரியர் அறையில் சொட்டச் சொட்ட நின்றாள்.

"யார்கூட சார் அனுப்புனீங்க?"

"மழைக்கோட்டு போட்ட ஒருத்தர்... வெள்ளைக் கார். மாமான்னு நினைச்சேன்."

"கார் மேல சர்ஃப் பலகை கட்டியிருந்துச்சா?"

தலையாட்டினான்.

"என் பழைய புருஷன்! பொண்ணத் தூக்கிட்டு ஓடிருவான்னுதானே பார்க்கவே விடாம வச்சிருந்தேன்! கடலோர ரோட்டுல அலை ஏறுதாம் சார்!"

விளையாட்டு ஆசிரியர் இவாகிரி முணுமுணுத்தார். "குடையையே பிடிச்சுக்கத் தெரியாத ஆளு. புள்ளையப் பார்த்துக்கச் சொன்னா?"

துணைத் தலைமையாசிரியர் தொகுஹிரோ இடுப்பு ஒடியக் குனிந்தார். "தப்பு என்னோடதும்மா. வெளிநாட்டுக்காரருக்கு நம்ம வழக்கம் எங்க தெரியும்? நான் அவரை வாசல்ல விட்டிருக்கக் கூடாது."

நரைத்த அந்தத் தலை நிமிரவேயில்லை. டிலன் தன் ஈரச் சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாய் வரை வந்ததை விழுங்கினான்.

தொலைபேசி அலறியது. தொகுஹிரோ பாய்ந்து எடுத்தார். கேட்டார். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் நகராட்சி விளையாட்டுக் கூடத்துப் புயல் முகாம்ல இருக்காங்களாம். ரோட்டுல மரம் விழுந்து, போலீஸ்தான் திருப்பி அனுப்பியிருக்கு. குழந்தை சோத்து உருண்டை சாப்பிட்டுட்டு இருக்காம்."

சிசுரு சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு டிலன் முன்னால் வந்து குனிந்தாள். "கத்திட்டேன், மன்னிச்சுக்குங்க சார். அவன் யாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதுதான் தாங்கவில்லை.

"தெரியும்மா."

இவாகிரி திரும்பினார். "என்னய்யா தெரியும்?"

"அவரு அப்பான்னும் தெரியும், அனுப்பக் கூடாதுன்னும் தெரியும். கொஞ்ச நேரம் பேசிட்டு வீட்டுல விட்டுடறேன்னு கெஞ்சினாரு."

"தெரிஞ்சேவா அனுப்புன?"

டிலன் சிசுருவைப் பார்த்துச் சொன்னான்.

"என் மக, என்னைப் பிரிஞ்சு போன அவ அம்மாகூட மலைக்கு அந்தப் பக்கம் இருக்கா, ரெண்டாவது படிக்கிறா. லீவு கிடைக்கிறப்பல்லாம் அந்தப் பள்ளிக்கூட வேலிக்கு வெளிய நின்னு பார்த்துட்டு வருவேன். என்னைய உள்ள விட மாட்டாங்க."