அகராதி தேர்ந்தெடுத்த எமுலேட்டர்

கணுக்காலில் விரிசல் விழுந்து, மாவுக்கட்டோடு வீட்டில் உட்கார நேர்ந்தபோது, அவளை வலியைவிட அதிகம் படுத்தியெடுத்தது சலிப்புதான். பல் ஆய்வகத்தில் வேலை செய்கிறவள். செயற்கைப் பற்களைச் செதுக்கி, மெருகேற்றி, பக்கத்துப் பல்லோடு நிறம் பொருத்திக் கொடுப்பாள். நாள் முழுக்கக் கை ஓயாமல் பழகிவிட்டவளுக்குச் சும்மா இருப்பது தண்டனையாக இருந்தது. புத்தகத்தைப் பிரித்தால் தூக்கம் வந்தது. தொலைக்காட்சித் தொடர்களில் வருகிறவர்கள் எல்லோரும் அடிமுட்டாள்களாகத் தெரிந்தார்கள். திரைக்கு வெளியே இருக்கிறவர்களைப் பற்றியும் அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது.

அவள் முணுமுணுப்பைத் தாங்க முடியாமல் கணவன் பரணிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இறக்கினான். உள்ளே அவனும் அவன் தம்பியும் சிறுவயதில் விளையாடிய வீடியோ கேம் பெட்டி. மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு விளக்குகூட எரியவில்லை. ஆனால் கூடவே ஒரு கேசட் இருந்தது. மேலட்டையில் கோடரி தூக்கிய குள்ளன். அதைப் பார்த்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இது எங்க சித்தி வீட்ல இருந்துச்சு. எங்க தெருவுல என்னை ஜெயிக்க ஆளே கிடையாது."

"கம்ப்யூட்டர்லயே விளையாடலாமே. எமுலேட்டர்னு ஒண்ணு போட்டா கம்ப்யூட்டர் அந்தப் பழைய பெட்டி மாதிரியே நடிக்கும். எதைப் போடணும்னு தம்பியக் கேப்போம். அவன் இதுல புலி."

"வேற ஆளே கிடைக்கலியா உங்களுக்கு?"

கொழுந்தனுக்கு அகராதி என்று பெயர் வைத்தவளே அவள்தான். எல்லாம் தெரிந்தவன் என்று பாராட்டுவதாக நினைத்துக் கணவனும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டான். அவள் நினைத்தது அகராதி பிடித்தவன் என்பதை. லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிற உத்தியோகம் அவனுக்கு. வீட்டுக்குள் நுழைந்தாலும் கதவு, குழாய், அண்ணன் மனைவி என்று எதையாவது சோதித்துக் குறை சொல்லாமல் போக மாட்டான்.

சனிக்கிழமை பிற்பகல் தோளில் பையோடு வந்தான். கேசட்டைச் செருகிப் படிக்கிற ஒரு சின்னக் கருவியைக் கணினியில் மாட்டி, உள்ளே இருந்த விளையாட்டை எடுத்துக்கொண்டான். அந்தமட்டில் அவளுக்கும் ஆச்சரியம்தான். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அண்ணி, எந்த எமுலேட்டர் வேணும்னு முடிவு பண்ணீங்களா?"

"விளையாட்டு ஓடுற எமுலேட்டர்."

அவன் பாவப்பட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். எல்லாப் பெட்டிகளையும் ஒரே இடத்தில் ஓட்டுகிற பெரிய எமுலேட்டர் ஒன்று உண்டாம். அது சோம்பேறிகளுக்காம். எளிதாக நிறுவக்கூடிய சின்னது ஒன்று. அதில் சத்தம் அசலிலிருந்து இம்மி விலகுகிறதாம், காது உள்ளவன் தொட மாட்டானாம். உலாவியிலேயே ஓடுகிறது இன்னொன்று. அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதாம். பழைய பெட்டியின் ஒவ்வொரு மின்சில்லையும் அப்படியே நடித்துக் காட்டுகிற மகா துல்லியமான எமுலேட்டர்தான் மரியாதைக்குரியதாம்.

"சரி, அதையே போடுங்க."

"போட்டாப் போதுமா? படம் பழைய டிவில தெரிஞ்ச மாதிரி கோடு கோடா வரணும். நிறத்தச் சரி பண்ணணும். பொத்தான அமுக்கினதுக்கும் குதிக்கிறதுக்கும் நடுவுல எவ்வளவு தாமதம்னு பாக்கணும்."

பார்த்தான். அந்தச் சனிக்கிழமை முழுக்கப் பார்த்தான். அடுத்த சனிக்கிழமையும் வந்து பார்த்தான். குள்ளன் முதல் காட்சியில் கோடரியோடு நின்றுகொண்டே இருந்தான். அகராதி கோடுகளை மெலிதாக்கினான், தடிமனாக்கினான், நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான், திருப்தியில்லாமல் எல்லாவற்றையும் அழித்தான். அவள் நீட்டிய காலோடு சோபாவில் கிடந்து அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பல்லின் நிறம் சரியில்லை என்று வாரக்கணக்கில் அலைந்து, கடைசிவரை அந்தப் பல்லால் ஒன்றையும் கடித்துச் சாப்பிடாத வாடிக்கையாளர்கள் அவளுக்கு நிறையப் பழக்கம். அவர்களைப் பற்றி ஆய்வகத்தில் பேசிச் சிரிக்கிற வார்த்தைகளை எல்லாம் மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டாள். கணவனோ டீயை உறிஞ்சிக்கொண்டு, "எவ்வளவு நுணுக்கமாப் பாக்கறான் பாத்தியா?" என்றான்.

அவன் போன பிறகு அடுத்த வாரம் அவளே வேலையில் இறங்கினாள். அவன் காறித் துப்பாத குறையாக ஒதுக்கிய சின்ன எமுலேட்டரை இறக்கி நிறுவினாள். யுஎஸ்பி ஜாய்ஸ்டிக் இரண்டு வாங்கிவரச் செய்தாள். குதிக்க ஒரு பொத்தான், வெட்ட ஒரு பொத்தான் என்று அது கேட்ட இடத்தில் அமுக்கிக் காட்டினாள். குள்ளன் ஓடினான். சத்தம் இம்மி விலகியதோ என்னவோ, அவள் காதுக்குச் சித்தி வீட்டுக் கூடமே கேட்டது. கட்டைவிரலுக்கு எல்லாப் பள்ளங்களும் ஞாபகம் இருந்தன.

சனிக்கிழமை வந்த அகராதி திரையைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றான்.

"அண்ணி, இதையா போட்டிருக்கீங்க?"

"ஆமா. பனிமலை வரைக்கும் வந்துட்டேன்."

"நெறத்தப் பாருங்க! இது பனியா, சுண்ணாம்பா?"

"தம்பி, இப்படி உக்காருங்க. நீங்க ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்க. எங்க தப்பா இருக்குன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்."

அவன் மழுப்பினான். வேலை இருக்கிறது என்றான். அவள் ஜாய்ஸ்டிக்கை அவன் மடியில் வைத்துவிட்டாள். ஆட்டம் முதலிலிருந்து தொடங்கியது. முதல் பள்ளம், குழந்தைகூடத் தாண்டுகிற பள்ளம். அதில் விழுந்தான். மறுபடி விழுந்தான். மூன்றாவது உயிரைப் பள்ளத்துக்கு முன்னாலேயே எதிரே ஊர்ந்து வந்த ஆமையிடம் கொடுத்தான்.

அவளுக்குள் எழுந்த குதூகலத்தை நல்ல குணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "இதுவும் எமுலேட்டர் தாமதமா?" என்று தேன் ஒழுகக் கேட்டாள்.

அகராதியின் காது மடல் சிவந்திருந்தது. திரையைப் பார்த்தபடியே சொன்னான்: "நான் இத ஆடினதே இல்ல அண்ணி. நான் பறவைதான்."

"என்ன பறவை?"

"மேல பறக்குதுல்ல, அதுங்க. ரெண்டாவது ஆளு பறவைய ஓட்டணும்னு அண்ணன் சொல்லிச்சு. நானும் வருஷக்கணக்கா ஓட்டினேன். நல்லா ஓட்டறேன்னு அண்ணன் சொல்லும். பெரியவனாகி வேலைக்குப் போனப்புறம் மொதத் தடவையா எமுலேட்டர் போட்டேன். ஜாய்ஸ்டிக்கே மாட்டல. பறவை தானாப் பறக்குது."

சோபாவின் மறுமூலையில் கணவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "சரியான சின்னப்புள்ள இவன்! 'மேகத்துக்குள்ள விட்றாதடா'ன்னு சொன்னா வேர்த்து விறுவிறுத்து அமுக்குவான்."

அவள் மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். இத்தனை வருடமாக இந்த மனிதனைச் சாது என்று நம்பி, ஊரில் உள்ள மற்ற எல்லோரையும் எடைபோட்டுக் கழித்துக்கட்டியிருந்தாள். அந்தக் கணக்கு அந்த நிமிடத்தில் குப்புற விழுந்தது.

"சின்னப் பையனுக்கு வருஷக்கணக்கா காது குத்தியிருக்கீங்க. அதச் சொல்லிச் சிரிக்க வேற செய்றீங்க."

"விளையாட்டுக்குத்தானே செஞ்சேன்..."

"யாரோட விளையாட்டு? எந்திரிங்க. போய் டீ போடுங்க. போட்டுட்டு அங்கயே நின்னு குடிங்க."

கணவன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு எழுந்து போனான். அன்று இரவுச் சாப்பாடு வரை அவனோடு அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்காகக் கொழுந்தன் மீது அவளுக்குப் பாசம் பொங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. "நீ குதிக்கிறப்ப எதுக்கு உன் தோளத் தூக்கற? குள்ளன் குதிச்சாப் போதும்," என்றாள். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருமே கவனிக்கவில்லை. அவன் விழுந்தான், அவள் திட்டினாள். விழுந்து எழுந்த இடைவெளியில் சத்தம் இம்மி விலகுகிறது என்று அவன் சொல்லத் தவறவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்தார்கள், அவள் ஆய்வகத்துக்குத் திரும்பினாள். அகராதியின் சனிக்கிழமை வருகை நிற்கவில்லை. கதவு கிறீச்சிடுவதைச் சொல்வான், குழாய் சொட்டுவதைச் சொல்வான், பிறகு உட்கார்ந்து பள்ளத்தில் விழுவான். அவனைப் போல விரல் மந்தமான மனிதனை அவள் பார்த்ததில்லை. அதை அவனிடமே சொன்னாள்.

ஒருநாள் அவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து கத்தினான். "அண்ணி! பாலத்தத் தாண்டிட்டேன்! ஓடி வாங்க!"

அவள் நிதானமாக வந்தாள். அதற்குள் குள்ளன் ஆற்றில் மிதந்துகொண்டிருந்தான்.

"சத்தியமாத் தாண்டினேன் அண்ணி. அந்தப் பக்கம் போயே போயிட்டேன்."

அவன் கத்துவதற்குச் சற்று முன்பே, மடிக்கிற துணியோடு கதவருகே வந்து நின்று, அவன் பாலத்தின் கடைசிப் பலகையைத் தாண்டியதை அவள் பார்த்திருந்தாள். அசட்டுத்தனமான குதிப்பு. தோள் காதுவரை தூக்கியிருந்தது.

"பாக்காததயெல்லாம் நான் நம்ப மாட்டேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.