யாருக்கு விடுதலை?

அண்ணன் தங்கை பாசத்துக்கு அன்று காலை விலை குறித்தாயிற்று: ஒரு வாஷிங் மெஷின். புத்தம் புதிது, முன்பக்கக் கதவு வைத்தது. இரண்டு ஆட்கள் அதைத் தூக்கி வந்து தங்கை வீட்டுக் கூடத்தில் இறக்க, பின்னாலேயே முகமெல்லாம் பல்லாக வந்தார் பாத்திரக்கடை வைத்திருக்கும் பெரியண்ணன். அவருக்குப் பின்னால் அவர் தம்பிக்காரன். அவனுக்கும் பின்னால், கக்கத்தில் பையை இடுக்கிக்கொண்டு பத்திரம் எழுதுகிறவர்.

துணிக்கடையில் விற்பனையாளராக நிற்கும் தங்கை அப்போதே உஷாரானாள். இலவசம் முதலிலும் விவரம் பின்னாலும் வந்தால் என்ன அர்த்தமென்று அவளுக்குத் தெரியாதா? கடையின் தள்ளுபடிப் பலகையை எழுதுகிறவளே அவள்தானே.

விவரம் இதுதான். அப்பா உயில் எழுதாமல் கண்ணை மூடிவிட்டார். அவர் வீடு மூன்று பிள்ளைகளுக்கும் சமம். அதன் தெருப்பக்க அறையில் சொந்தமாகத் தையல்கடை போட வேண்டுமென்று தங்கைக்கு நெடுநாள் ஆசை. அண்ணனுக்கோ வீடு மொத்தமும் சரக்கு வைக்க வேண்டும்.

"சும்மா ஒரு கையெழுத்துதான் பாப்பா. விடுதலைப் பத்திரம்னு பேரு."

"யாருக்குண்ணா விடுதலை?"

பத்திரக்காரர் இருமினார். தன் பங்கை மற்ற பங்காளிக்கு விட்டுக்கொடுப்பதற்கு அப்படி ஒரு பேர் என்று மென்று விழுங்கினார்.

தங்கைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எத்தனை வருஷமாக மேஜைக்கு அந்தப் பக்கமே நின்றவள். இன்றைக்கு வாடிக்கையாளராக உட்கார வாய்த்திருக்கிறது. காலை நீட்டி உட்கார்ந்து, சரக்கைப் பிரித்துக் காட்டச் சொன்னாள். பத்திரக்காரர் மூச்சு விடாமல் படித்தார். சகல பாத்தியதைகளும் என்றார், இனி எவ்விதப் பின்தொடர்ச்சியும் இல்லை என்றார். ஒவ்வொன்றுக்கும் அவள் அர்த்தம் கேட்கக் கேட்க, உண்மை உதிர்ந்தது. கையெழுத்துப் பதிவானால் அந்த வீட்டில் அவளுக்கு ஓர் ஆணிகூடச் சொந்தமில்லை. பிறகு அழுது புரண்டாலும் லேசில் திரும்பாது. ஆனால் போட்டே ஆகவேண்டுமென்று யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

"வேற டிசைன் இருக்கா?" என்றாள்.

அண்ணன் ஃபிரிட்ஜைச் சேர்த்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். ஏசி சேர்ந்தது. கல்யாணச் செலவைச் சொல்லிக் காட்டினார். அது பழைய ஸ்டாக் என்று ஒதுக்கிவிட்டாள். கட்டில் வந்தது, மெத்தை வந்தது. அவர் ஏற்ற ஏற்ற அவளுக்குச் சிரிப்பு தொண்டை வரை ஏறியது. வாயைப் பொத்திக்கொண்டு, இந்த விலை தனக்குச் சம்மதம் என்றாள். அண்ணன் பேனாவைத் திறந்து நீட்டினார்.

"இருண்ணா. சொன்ன சாமான் எல்லாத்தையும் கடன உடன வாங்கியாவது உனக்கு நான் வாங்கித் தர்றேன். உன் பங்கை எனக்கு விடுதலை பண்ணிடு."

"விளையாடறியா? என் பங்கு என்ன அவ்வளவு மலிவாவா கிடக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

"அப்போ என் பங்குக்கு ஒரு பைக்குன்னு சொன்னியே," என்றான் அதுவரை வாயே திறக்காத தம்பிக்காரன், "அது என்ன கணக்கு?"

அண்ணன் மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டார். ஆனாலும் வியாபாரி அல்லவா, படியாத பேரத்தில் நேரத்தை விரயம் செய்யவில்லை. சரி, பிரிக்கிறதென்றால் மாடி எனக்கு என்று முந்திக்கொண்டார். பாகப்பிரிவினைப் பத்திரமும் தாமே எழுதித் தருவதாகப் பத்திரக்காரர் கூச்சமே இல்லாமல் சொன்னார். கூலி மட்டும் கொஞ்சம் கூடுமாம். கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டானே என்று மெஷினைப் பார்த்து முனகிய அண்ணனிடம், தவணையில் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அதற்கும் ஒரு பேரம் பேசினாள் தங்கை.

பத்திரம் பதிவானது. மாடி பெரியவருக்கு. பின்கட்டு சின்னவனுக்கு. தெருப்பக்க அறை அவளுக்கு. படிக்கட்டும் குழாயடியும் மூவருக்கும் பொது. அங்கே எதிர்ப்பட்டால் யார் முதலில் சிரிப்பது என்பது மட்டும் பாக்கி.