என் நாடகத்தின் முடிவை மாற்றியவர்

1

இந்தக் கதை ஒரு கல்யாணப் பந்தியில் பிறந்தது. போன வருடம் கிளேபாங் ஊரில், இந்தக் கதையில் பின்னால் வரும் அஸ்மாவின் பேத்திக்கு நிக்காஹ். பக்கத்து மேசையில் ஒருவர், அந்தக் காலத்தில் எங்கள் காஜா பேராங் ஊர் ஆட்கள் டெலிவிஷனில் போட்ட துப்பறியும் நாடகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி சரியாகத்தான் சொன்னார். எழுதியது யார் என்று ஒரு பெண் கேட்டதற்கு, "யாரோ கமலவேணின்னு ஒரு டீச்சராம். செத்துப்போயிருப்பாங்க லா" என்றார். நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சாகவில்லை என்று நிரூபிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி எழுதுவது.

2

முதல் தொடக்கம்: "1965ஆம் ஆண்டு. விடுதலை பெற்ற இளைய தேசத்தின் காற்றில் புதிய நம்பிக்கைகள்..."

(வேண்டாம். இது பாடப் புத்தகம். முப்பது வருடம் இதைத்தான் வகுப்பில் வாசித்தேன்.)

இரண்டாம் தொடக்கம்: "தேவதாஸ் அழகானவர்."

(பொய். மேலும், இப்படித் தொடங்கினால் நீங்கள் வேறு கதையை எதிர்பார்ப்பீர்கள்.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். மெர்டேக்கா என்ற விடுதலை கிடைத்து எட்டாவது வருடம், எங்கள் ஊர்ப் பொதுமண்டபமான பாலாய் ராயாவுக்கு ஒரு டெலிவிஷன் பெட்டி வந்தது. ஆறே மாதத்தில் நாங்களே அந்தப் பெட்டிக்குள் போய்விட்டோம்.

3

போன விதம் இது. செங் என்ற ஊரில் தோட்டக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த சேதுபதி ஒரு வாரப் பத்திரிகையில் துப்பறியும் தொடர்கதை எழுதினார். அதில் வரும் துப்பறிவாளர் மார்க்கண்டனுக்காகவே ஜனங்கள் பத்திரிகை வாங்கினார்கள். எங்கள் நாடக மன்றத்தை நடத்திய கலியாணசுந்தரம் அண்ணன் அந்தக் கதையை அரை மணி நேர நாடகமாக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. எழுதினேன். கோலாலம்பூர் டெலிவிஷன் நிலையத்துக்கு அனுப்பினோம். அனுமதி முத்திரை குத்தி வந்தது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நேரடி ஒளிபரப்பு, 'நாடகமாக்கம்: கமலவேணி' என்று என் பெயரும் வரும் என்று கடிதம் சொன்னது. அந்தக் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.*

மார்க்கண்டனாக தேவதாஸ். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் வாங்காதவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார் என்று பேர். கொலைகார டாக்டராக ஹாஜா. ஜவுளிக்கடைக்காரர், எறும்பு கடித்தால்கூட அதனிடம் மன்னிப்புக் கேட்பவர். நாற்காலியில் செத்துக் கிடக்கும் பணக்காரராகப் பொன்னுதுரை. அவருக்கு வசனம் கிடையாது. அதில் அவருக்கு வருத்தம்.

* பதினொரு முறை.

4

ஞாயிறு காலை வேனில் கிளம்பினோம். தம்பின் ஊரைத் தாண்டியதும் ஹாஜா வாயைத் திறந்தார்.

"டீச்சர், ஒரு சங்கதி. மாமா ஒத்துக்க மாட்டேங்கிறாரு."

மாமா என்றது முகம்மது மாமாவை. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் மசாலாக் கடை. அவர் மகள் அஸ்மாவைத்தான் ஹாஜாவுக்குப் பேசியிருந்தது.

"என்னத்த ஒத்துக்க மாட்டாரு?"

"ஊரே பார்க்க எம் மருமவன் கொலைகாரனா நிக்கணுமான்னு கேக்குறாரு. நின்னா பேச்ச முறிச்சிக்கிருவாராம். இன்னிக்கி பாலாய் ராயாவுல முதல் வரிசையில உக்காரப் போறாரு."

வேனில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மடியில் முத்திரை குத்திய பிரதி இருந்தது. முதல் பக்கத்தில் என் பெயர்.

"இது நாடகம்தானே ஹாஜா. வெளங்கிக்குவாரு," என்றேன்.

"அனுமதி வாங்கின பிரதிய மாத்த முடியாது தம்பி. மாத்தினா அடுத்த தடவ கூப்பிட மாட்டாங்க," என்றார் கலியாணசுந்தரம் அண்ணன்.

ஹாஜா தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தேவதாஸ் தன் பாட்டுக்கு உருளைக்கிழங்கு அடைத்த காரிபாப் தின்றுகொண்டிருந்தார்.

(இந்த இடத்தில் 'அவர் கண்களில் ஒரு முடிவு தெரிந்தது' என்று எழுதி அடித்துவிட்டேன். தெரிந்தது காரிபாப் மட்டும்தான்.)

5

கோலாலம்பூர் ஸ்டூடியோ, ஐந்து மணி. விளக்குகளின் சூட்டில் எல்லோருடைய பவுடரும் வழிந்தது. நான் காமிராவுக்குப் பின்னால் பிரதியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபத்தாறு நிமிடம் ஒரு பிசகும் இல்லை. தேவதாஸ் அறையின் நடுவுக்கு வந்தார்.

"கொலை செய்தவர் இந்த அறையில்தான் இருக்கிறார்!"

அடுத்து அவர் டாக்டர் பக்கம் திரும்பி விரலை நீட்ட வேண்டும். டாக்டர் துப்பாக்கியை எடுத்துத் தப்பி ஓடப் பார்க்க வேண்டும். தேவதாஸ் திரும்பினார். ஹாஜாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். நான் வாயசைத்து 'டாக்டர், டாக்டர்' என்றேன். நேரடி ஒளிபரப்பில் ஐந்து விநாடி மௌனம் என்பது மிகவும் நீளமானது.

"அது... நான்தான்," என்றார் தேவதாஸ்.

செத்துக் கிடந்த பொன்னுதுரை ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஒரு வருஷமா எனக்கு ஒரு வழக்குகூட வரவில்லை. துப்பறிய ஆளில்லாத ஊரில் துப்பறிவாளன் எப்படிச் சாப்பிடுவான்? நானே ஒரு கொலை செய்தேன். நானே கண்டுபிடித்தும் விட்டேன்!"

எங்கிருந்து வந்ததோ அந்த வசனம். நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

சட்டைப் பையில் துப்பாக்கியோடு விழித்துக்கொண்டிருந்த ஹாஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அதை எடுத்துத் தேவதாஸின் நெஞ்சுக்கு நீட்டினார். "கையைத் தூக்கும், மார்க்கண்டன்!" என்று அவர் கத்திய கத்தலில் ஒலிவாங்கி அதிர்ந்தது. இசை வந்தது. என் பெயரும் வந்தது.

6

தயாரிப்பாளர் என்னிடம்தான் நேராக வந்தார். கையில் அவருடைய பிரதி.

"அம்மா, இதுல டாக்டர்தானே கொலைகாரன்?"

கொஞ்ச தூரத்தில் தேவதாஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். 'அவர் பிசகிவிட்டார்' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். என் பெயர் சுத்தமாகிவிடும்.

"மாத்தினது நான்தான் சார். கடைசி நேரத்துல தோணுச்சு," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. காலையில் வேனில் ஹாஜா ஜன்னல் பக்கம் திரும்பியது ஞாபகம் வந்தது என்று எழுதலாம். உண்மையாகவும் இருக்கலாம்.

அவர் என்னையும் பிரதியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அடுத்த தடவ முன்கூட்டியே சொல்லிடுங்க அம்மா. எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு."

7

மறுநாள் நாங்கள் திரும்பியபோது பாலாய் ராயா வாசலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். முகம்மது மாமா ஹாஜாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "கொலைகாரப் பயல என்னமா மடக்குனே! எம் மருமவன்னு முதல் வரிசையில எந்திரிச்சி நின்னு சொன்னேன் லா!" அடுத்த மாதமே நிக்காஹ் என்றார்.

இன்னொருவர் சேதுபதி. செங்கிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார்.

"எம் மார்க்கண்டன ஜெயிலுக்கு அனுப்பிட்டீங்களே டீச்சர்! அடுத்த வாரம் நான் என்னத்த எழுதுவேன்?"

"ஜெயில்லேருந்து எப்படித் தப்பிச்சாருன்னு எழுதுங்க," என்றார் தேவதாஸ். சேதுபதி திட்டிக்கொண்டே போய் அதைத்தான் எழுதினார். நாற்பது வாரம் ஓடியது.

8

இனி முடிவு.

அன்று எல்லோரும் போன பிறகு தேவதாஸைக் கேட்டேன். "மறந்தீங்களா, வேணும்னே செஞ்சீங்களா?"

"மறந்துட்டேன் டீச்சர். வெளிச்சத்துல யாரு கொலைகாரன்னே மறந்துபோச்சு. மன்னிச்சிருங்க."

இரண்டு வருடம் கழித்து, ஹாஜாவின் மகனுக்குப் பேர் வைத்த வீட்டில் மறுபடி கேட்டேன். குழந்தை அவர் மடியில் இருந்தது.

"மறப்பனா டீச்சர்? வேன்லேயே முடிவு பண்ணிட்டேன். ஒங்ககிட்ட கேட்டா வேணாம்பீங்க."

அவர் இறந்து பன்னிரண்டு வருடமாகிறது. இரண்டு பதிலையும் ஒரே மாதிரி முகத்தோடுதான் சொன்னார். ஊரில் எத்தனை பேருடைய முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தவர். அவர் முகத்தை வைத்து நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

ஆகவே இரண்டு முடிவுகளையும் எழுதி வைத்திருக்கிறேன். மறந்திருந்தால், ஒரு பிசகிய நடிகரை நான் பொய் சொல்லிக் காப்பாற்றினேன், நல்லவள் நான். வேண்டுமென்றே செய்திருந்தால், நான் ஒரு பேனாக் கோட்டில் செய்திருக்க வேண்டியதை, என் பெயருக்காகச் செய்யாமல் விட்டதை, அவர் ஊர் பார்க்கச் செய்தார், நல்லவர் அவர். எழுதுகிறவள் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் தேர்வை என்னிடம் விடாதீர்கள்.

ஒன்றை நீங்கள் அடித்துவிடுங்கள். எதை அடித்தாலும் பாதகமில்லை, ஹாஜாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.