வாசலோரத்து நாற்காலி

அய்யம்மாள் அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். வாசலோரமாக ஒரு நாற்காலி.

கூட்டத்துக்கு வர யாருக்கு என்ன வசதி வேண்டும் என்று வீடு வீடாக வந்து கேட்டவர் ஜெயச்சந்திரன். சிவகாசியில் நான் காலண்டர் அடுக்குகிற அச்சகத்தின் முதலாளி மகன். பட்டாசு விபத்தில் அடிபட்டவர்கள் எல்லோரும் ஒருநாள் ஓரிடத்தில் உட்கார்ந்து, தங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தாங்களே பேச வேண்டும் என்பது அவர் எண்ணம். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு வேறு வேலை இல்லை போல என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மனிதர் காது கொடுத்துக் கேட்டார். தீப்பட்ட தோல் வியர்க்காது, புழுக்கம் தாங்காது என்று ஒருவர் சொன்னதும் ஏர் கூலர்களுக்கு ஏற்பாடு செய்தார். மாடியில் இருந்த கல்யாண ஹாலை விட்டுவிட்டுக் கீழே பந்தி நடக்கிற ஹாலை எடுத்தார். வாசற்படி மேல் பலகை அடித்துச் சாய்தளம் போட்டார். காது போனவர்களுக்குச் சைகையில் சொல்ல மதுரையிலிருந்து ஒரு டீச்சர். மேடை கிடையாது, பேசுகிறவர் இருக்கிற இடத்துக்கு மைக் வரும்.

யாரும் போட்டோ எடுக்கக் கூடாது என்றாரே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எங்கள் ஊர்த் தீக்காயங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள் கொஞ்சநஞ்சமில்லை. திரும்பி வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டவர்கள்தான் யாருமில்லை.

அக்காவுக்குக் கண் போய் இரண்டு வருஷம். அதன்பின் ஆஸ்பத்திரிக்குத் தவிர அவள் வேறெதற்கும் வீட்டைத் தாண்டியதில்லை. கூட்டத்தைப் பற்றிச் சொன்னபோதும் அவள் மறுப்பாள் என்றே நினைத்தேன். இருளம்மாள் சித்தி வருவாளா என்று மட்டும் கேட்டாள். அக்காவோடு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்து, அதே விபத்தில் செத்துப்போன செல்லக்கனியின் அம்மா அவள். உயிரைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்களுக்கும் அழைப்பு உண்டு, வருவாள் என்றேன். அப்படியென்றால் தானும் வருவதாகவும், தனக்கும் பேச வேண்டும் என்றும் சொன்னாள்.

பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற ரூமில் இருவரும் ஒன்றாகத்தான் உட்காருவார்கள். அக்கா வாசல் பக்கம், செல்லக்கனி உள்பக்கம். வேலைக்குச் சேர்ந்த அன்றே கம்பெனியில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பது, சத்தம் கேட்டால் எதையும் பார்க்காமல் ஓடு என்பதுதான். அன்றைக்கு அக்காவும் ஓடினாள்.

"'ஏ புள்ள, ஓடு'ன்னு செல்லக்கனிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல எழிலு. வாயே வரல. அதை அந்தச் சித்தி மூஞ்சிக்கு நேரா சொல்லிறணும்" என்றாள் என்னிடம்.

ஓடியவள் வெளியே வந்ததும், தோழி வருகிறாளா என்று நின்று திரும்பிப் பார்த்தாள். அப்படிப் பார்த்ததில்தான் தீ முகத்தில் அடித்துக் கண் போனது. அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்வதில்லை. நான் சொன்னாலும் பேச்சை மாற்றிவிடுவாள்.

கூட்டத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சாய்தளத்தில் ஏறினாள். பலகை ஆடாமல் நிற்பதைக் காலால் தட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. வாசலோர நாற்காலியில் உட்காரவைத்தேன். சித்தி எங்கே இருக்கிறாள் என்று காதோடு கேட்டாள். பின்வரிசையில் என்றேன். அதற்குமேல், பேசக் கூப்பிடும்வரை என் கையை விடவே இல்லை.

இப்போது அய்யம்மாள் பேசுவார் என்று ஜெயச்சந்திரன் சொன்னார். கையில் மைக் வந்தது. அக்கா எழுந்து நின்றாள். வணக்கம் சொன்னாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் வாசலில் சரவெடி வெடித்தது.

கொளுத்தியவர் சோணைமுத்து மச்சான், அக்காவின் வீட்டுக்காரர். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பக்கம் வெடி இல்லாமல் நல்லதும் நடக்காது, கெட்டதும் நடக்காது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வெடி, சடங்குக்கு வெடி, பாடைக்கு முன்னால் வெடி. பெண்டாட்டி நாலு பேர் முன்னால் மைக் பிடிக்கப்போகிறாள் என்ற பூரிப்பில், தனக்குத் தெரிந்த மரியாதையைச் செய்துவிட்டார். கூலரையும் சைகையையும் யோசித்த எங்களில் ஒருவருக்கும், வெடி போடாதீர்கள் என்று சொல்லி வைக்கத் தோன்றவில்லையே. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். அது எங்கள் காதில் விழுவதே இல்லை.

ஹாலே பதறியது. சிலர் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்தார்கள். காது கேளாதவர்கள், என்ன ஆயிற்று என்று மற்றவர்கள் முகத்தைப் பார்த்தார்கள். அக்கா ஓடிவிடுவாள் என்று பயந்து நான் அவள் தோளைப் பிடித்தேன். கையெட்டும் தூரத்தில் வாசல். அவள் ஓடவில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டி ஹாலின் உள்பக்கம் திரும்பினாள்.

"செல்லக்கனி, ஓடு. ஏ புள்ள, எந்திரிச்சு ஓடு."

மைக் கையிலேயே இருந்தது. வெடிச்சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் கேட்டது. இன்னொரு கையால் துழாவி, அகப்பட்டவர்களையெல்லாம் இழுத்து வாசல் பக்கம் தள்ளினாள். என்னையும் தள்ளினாள். புகை ஹாலுக்குள் வர வர அவள் குரல் கிழிந்துகொண்டே போனது.

சரம் ஓய்ந்தது. சாய்தளத்துக்குக் கீழே மச்சான் ஊதுபத்தியோடு நின்றுகொண்டிருந்தார். முதலில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாரும் வெளிய வந்தாச்சா?" என்று அக்கா கேட்டாள்.

ஏதாவது சொல்லித் தொலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும் நாக்கு எழவில்லை. பின்வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. இருளம்மாள் சித்தி வந்து அக்காவின் கையைப் பிடித்தாள்.

"வந்தாச்சு தாயி. நீ கூப்பிட்டதும் எம்மக வந்துட்டா."

அக்கா அந்தக் கையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். யாருடைய கை என்று தெரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தாள். சொல்ல வந்ததை அன்றைக்கு அவள் சொல்லவில்லை. சித்தியும் கேட்கவில்லை.