பர்வதம் மாமி கொடுத்த ஸ்வெட்டர்

குந்தவை துணிகளை மடிக்கவில்லை, சுருட்டினாள். என்.சி.சி. மேடம் சொல்லிக்கொடுத்தது அது. மடித்து வைத்தால் பை பாதியிலேயே நிறைந்துவிடும்; பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டிச் செருகினால் பத்து நாள் துணியும் அடங்கும். கனமானதெல்லாம் அடியில், சாக்ஸெல்லாம் பூட்ஸுக்குள். மூன்று மணிக்கு நன்னிலம் கடைத்தெருவில் கல்லூரி வேன் வந்து நிற்கும். ரயிலடிக்கு அதில்தான் போக வேண்டும். இமயமலையில் மலையேற்ற முகாம், கல்லூரியிலிருந்து தேர்வானவள் இவள் ஒருத்திதான். சிங்கப்பூரிலிருந்து அப்பா போனிலேயே சரியென்று சொல்லிவிட்டார். அண்ணன் செந்தில்குமார்தான் ஒரு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான்.

வயலிலிருந்து வந்தவன் சேற்றுக்காலைக்கூடக் கழுவவில்லை. பையைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்தான். ஒரு மணி நேர வேலை தரையில் கொட்டிக் கிடந்தது. அதன் நடுவில் ஒரு நீல ஸ்வெட்டர், ஆம்பிளை ஸ்வெட்டர்.

"ஏதுடி இது? எவன் குடுத்தான்?"

இந்த ஊர் வெயிலில் எந்தக் குடியானவன் வீட்டில் ஸ்வெட்டர் இருக்கும்? தெருத்தெருவாக விசாரித்துக் கடைசியில் மேலத்தெருவில் கிடைத்தது. ஆண்கள் ஸ்வெட்டராச்சே என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. குளிர் தாங்கினால் போதாதா!

"பர்வதம் மாமி மவனோடதுண்ணே. டெல்லியில இருக்காரே..."

பளாரென்று அறை விழுந்தது. உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். ஸ்வெட்டரை மிதித்து இழுத்துக் கிழித்தான். "எவனோடடி மலையேறப் போற?" சமையலறை வாசலில் அம்மா ஆனந்தவல்லி, "விடுடா, விடுடா" என்று முனகினாளே தவிர கிட்டே வரவில்லை. அவளும் இந்தக் கையால் வாங்கியவள்தான்.

அவன் மறுபடி கையை ஓங்கியபோது குந்தவைக்குப் பயம் போய் வெறிதான் மிஞ்சியிருந்தது. கையில் அகப்பட்ட பூட்ஸால் ஓங்கி அடித்தாள். புருவத்தில் ஒன்று. சரிந்தவன் தோளில் இன்னொன்று. மூன்றாவது அடியில் 'நல்லா இருக்கு' என்று தோன்றியது. தன்னை நினைத்துத் தானே பயந்து நிறுத்திக்கொண்டாள்.

அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. மணி இரண்டே முக்கால். இனிச் சுருட்ட நேரமில்லை. எல்லாவற்றையும் அள்ளித் திணித்தாள், கிழிந்த ஸ்வெட்டரையும் சேர்த்து. ஜிப் பாதியில் நின்றது. முட்டியால் அழுத்தினாள், நகரவில்லை.

அம்மா வந்தாள். மகனிடம்தான் போவாள் என்று குந்தவை நினைத்தாள். அவனைத் தாண்டி வந்தவள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பையின்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"இழுடி" என்றாள். இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டாள்.